2ஜேஇசட் இன்ஜினைப் பிரிக்காமல் எவ்வளவு குதிரைத்திறன் ஏற்றலாம்?

டொயோட்டா சுப்ராவில் வந்த 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினில் பிஸ்டன், அதைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராட் எதையும் மாற்றாமல் எதுவரை போகலாம் என்பது கேள்வி. இன்ஜின் நல்ல நிலையில் இருந்து, டியூனிங்கும் கவனமாகச் செய்திருந்தால், கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் அச்சில்) அளந்து 600 குதிரைத்திறன் வரை நம்பிப் போகலாம். 700-ஐத் தாண்டினால் ராட் வளையும் பயம் கூடவே வரும்.

வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங், ஃபோர்ஜ் செய்த கிராங்க் என்று அடித்தளம் அருமையானது. ஆனால் ராடை வளைப்பது டார்க், அதாவது முறுக்கு விசை. 600 குதிரைத்திறனை 6,500 ஆர்பிஎம்மில் எடுத்தால் டார்க் சுமார் 660 நியூட்டன் மீட்டர். அதையே 4,500-ல் எடுத்தால் 950! ஆகவே கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) திணிக்காதீர்கள்.

இன்னொரு எமன் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது. பெட்ரோல் போதாமல் போனால் நாக்கிங் வந்து, பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைந்துவிடும். முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-ஐ ஒட்டி இருக்கட்டும். ஜப்பான் மாடலில் பெட்ரோலைப் பீய்ச்சும் 440 சிசி (நிமிடத்துக்கு) இன்ஜெக்டர்கள் 600-க்குப் போதவே போதாது. அந்த மாடலின் இரட்டை டர்போக்களில் இருப்பது செராமிக் சக்கரம். பூஸ்ட் 1 பாருக்கு மேல் போனால் நொறுங்கக்கூடும், துண்டுகள் சிதறும். பெரிய ஒற்றை டர்போவுக்கு மாறித்தான் ஆகவேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீட்டராகக் குறையுங்கள். இல்லாவிட்டால் பூஸ்டில் பொறி அணைந்து மிஸ்ஸாகும்.

இதற்கெல்லாம் முன்னால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது. ஆறு சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் பூஸ்டைத் தொடவே வேண்டாம்.