திருப்பூட்டுக்கு முன்னால் நின்றுபோகும் படம்: வாசகர் கேள்வி, வீடியோக்காரர் பதில்

(காரைக்குடி வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்தே தலை நரைத்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 1994-ல் எங்கள் வீட்டு வளவிலேயே எனக்குக் கல்யாணம் நடந்தது. அப்போது எடுத்த வி.எச்.எஸ். டேப்பைப் பிறகு டிவிடியாக மாற்றி வைத்தோம். ஆத்தாவுக்கு இப்போது 86 வயது. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டாங்கட்டு அறையிலேயே படுக்கை. அந்தப் படத்தில் அப்பச்சி (என் அப்பா) நடமாடுவதை ஒரு தடவை பார்த்துவிடணும் என்கிறார்கள். செல்போனைக் கொடுத்தால் விரல் பட்டுப் படம் எங்கெங்கோ ஓடிவிடுகிறது. அதனால் மகன் சிங்கப்பூரிலிருந்து 4.3 அங்குலத் திரை உள்ள கையடக்க வீடியோ பிளேயர் வாங்கி வந்தான். 640 × 480 வரை எம்பி4 ஓடும் என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. டிவிடியில் இருந்த வி.டி.எஸ். 01-1 என்ற கோப்பை மெமரி கார்டில் ஏற்றி, கடைசி எழுத்தை எம்பி4 என்று மாற்றினேன். பிளேயர் எடுக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. திருப்பூட்டே (தாலி கட்டுவதே) வரவில்லை.
- ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, திருப்பூட்டு எங்கும் போகவில்லை, அடுத்த துண்டில் இருக்கிறது. டிவிடியில் படம் ஒரே கோப்பாக இருக்காது. ஒரு ஜி.பி.க்கு ஒரு வெட்டு விழும். உங்களுடையது இரண்டு மணி நேரப் படமாக இருந்தால் 01-1, 01-2 என்று நாலைந்து துண்டாகக் கிடக்கும். நீங்கள் எடுத்தது முதல் துண்டு மட்டும். முந்தைய சடங்குகளிலேயே அது தீர்ந்திருக்கும்.

பெயரை மாற்றியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பித்தளைச் செம்பில் வெள்ளி என்று எழுதி ஒட்டினால் அது வெள்ளியாகுமா? உள்ளே இருப்பது எம்பெக்-2 என்ற பதிவு முறை. டிவிடி என்றால் படம் பெரும்பாலும் அந்த முறையில்தான் பதிவாகியிருக்கும். உங்கள் பிளேயர் கேட்பது எச்.264 என்ற வேறு முறை. ஒன்றை இன்னொன்றாக முழுசாக மறுபடி எழுதத்தான் வேண்டும்.

முதல் வேலையாக, மாற்றுவதற்கு முன்பே, டிஸ்கில் உள்ள 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்கு இழுத்துவிடுங்கள். டிஸ்கைப் போட்டுவைத்து நேரடியாக மாற்றுகிறவர்கள் உண்டு. பழைய டிஸ்க் பாதியில் திணறினால் இரண்டு மணி நேர வேலை போச்சு. அந்த ஃபோல்டரைக் கடைசிவரை அழிக்காதீர்கள். இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பிளேயருக்குப் போவது சுருக்கப்பட்ட நகல், அதை எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

அப்புறம் 'ஹேண்ட்பிரேக்' என்ற மென்பொருள். இலவசம். காசு கேட்கிற அதே பெயர்ச் சாயல் சாமான்கள் இணையத்தில் நிறைய, அவற்றின் பக்கம் போக வேண்டாம். ஹேண்ட்பிரேக்கைத் திறந்து, தனித் துண்டைக் காட்டாமல் அந்த ஃபோல்டரையே காட்டுங்கள். துண்டுகளை அதுவே கோத்துக்கொள்ளும். 'டைட்டில்' பட்டியலில் நேரம் அதிகமாக இருப்பதுதான் உங்கள் கல்யாணம். அரை நிமிஷம், பத்து வினாடி என்று வருபவை மெனுப் படங்கள்.

அளவு: நம் ஊர் டிவிடி 720 × 576, 'பால்' (PAL) என்ற டிவி முறை, வினாடிக்கு 25 ஃபிரேம். அதை 640 × 480 ஆக்குங்கள். தெளிவு குறையுமே என்று கவலைப்பட வேண்டாம், வி.எச்.எஸ். டேப்பில் அவ்வளவு நுணுக்கம் கிடையவே கிடையாது. படம் 4:3 வாகு, பிளேயர் திரை அகலமானது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது இருக்கட்டும். திரை முழுக்க வரட்டும் என்று இழுத்தீர்களானால் உங்கள் அப்பச்சி முகம் இட்லி மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது 'டீஇன்டர்லேஸ்'. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்து வீடியோ ஒவ்வொரு ஃபிரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக எடுத்தது. வினாடிக்கு 50 பாதி. குழாய் டிவியில் தெரியாது. இப்போதைய திரையில் யாராவது கையை வீசினால் விளிம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸைப் போட்டுவிட்டால் சரியாகும். படத்தின் அடிவரிகளில் ஒரு நடுங்கும் பட்டை தெரிகிறதா? அது டேப் ஹெட்டின் வேலை. கீழே 10 வரி வெட்டிவிடுங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை.

வீடியோ எச்.264, 'பேஸ்லைன்' புரொஃபைல் (சின்ன பிளேயர்களுக்கு அதுதான் செரிக்கும்), சராசரி பிட்ரேட் (வினாடிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு) 1,000. ஒலி ஏ.ஏ.சி., 128. இந்தக் கணக்கில் இரண்டு மணி நேரம் சுமார் ஒரு ஜி.பி. வரும். ஒலிப் பகுதியில் 'கெயின்' என்று ஒன்று இருக்கிறது, அதை 6 வரை ஏற்றுங்கள். வயதானவர் காதுக்கு அந்தச் சின்ன ஸ்பீக்கர் போதாது. ஆனால் நாதஸ்வரம் வரும் இடத்தில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், கரகரத்தால் 3-க்கு இறக்குங்கள்.

முகம் இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தை மட்டும் கூட்டாதீர்கள். வளவுக்கு மேலே திறந்த வானம், பட்டாலையில் தூண் நிழல். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு பக்கம் கெடும். நாங்கள் அப்போது பட்ட பாடு அது. கூட்டினால் வளவு வெளுத்துப்போகும், முகம் அப்படியேதான் இருக்கும்.

முழுசாக மாற்றும் முன் இரண்டு நிமிஷத் துண்டை மட்டும் மாற்றி பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் அப்பச்சி வரும் இடமாக எடுங்கள். ஆத்தாவுக்கு அன்றைக்கே காட்டிவிடலாம்.

கேள்வி: 2006-ல் எடுத்த எங்கள் ஐயாவின் சாந்திக் கல்யாண டிவிடி 60 சதவீதம் காப்பி ஆனதும் நின்றுவிடுகிறது. டிரைவில் கடகடவென்று சத்தம் வேறு. டூத்பேஸ்ட் தேய்க்கலாம் என்கிறார்கள்.
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: டிஸ்க் மேல் ஐயாவும் அப்பத்தாவும் மாலையோடு இருக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அந்தச் சத்தத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். இதில் நானும் குற்றவாளி. ஒரு காலத்தில் ஸ்டிக்கர் இல்லாமல் கொடுத்தால் "என்ன, வெறும் டிஸ்கா?" என்று கேட்பார்கள் என்பதால் எல்லாவற்றிலும் ஒட்டினேன். நம் ஊர் வெயிலில் பசை இழுத்து டிஸ்க் லேசாக வளைந்துவிடும், சுழலும்போது ஆடும். ஒரு தடவை, ஒரு வீட்டார் திருப்பிக் கொண்டுவந்த டிஸ்கில் ஸ்டிக்கரை உரித்தேன். மேல் தகடும் சேர்ந்து பிரிந்து வந்தது. மாஸ்டர் டேப்பில் அதற்குள் நான் வேறு கல்யாணம் எடுத்திருந்தேன். அந்த வீட்டுப் பக்கம் போவதற்கே ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. ஆகவே உரிக்காதீர்கள்.

டூத்பேஸ்ட்டை விடுங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகு வேறு டிரைவில் போடுங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிக்கும், மூன்று நான்கு வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்களில் முயன்று பார்ப்பது வெட்கமில்லை. இந்த டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. 60 சதவீதம் வந்திருந்தால் விளிம்புப் பக்கம்தான் அடிபட்டிருக்கிறது. வந்த துண்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவை தனியாகவே ஓடும்.

கேள்வி: பினாங்கு போனபோது வாங்கிய சினிமா டிவிடி இங்கே என் லேப்டாப்பில் ஓடவில்லை. ஹேண்ட்பிரேக்கும் மாற்ற மறுக்கிறது. என் கல்யாண டிவிடி மட்டும் மாறுகிறதே?
- ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: சினிமா டிஸ்கில் இரண்டு பூட்டு. ஒன்று வட்டார எண்: மலேசியா 3, இந்தியா 5. டிரைவின் எண்ணை மாற்றலாம், ஆனால் மொத்தம் ஐந்தே தடவை, அப்புறம் அதுவே நிலைத்துவிடும். இன்னொன்று ரகசியக் குறியீடு, அதை ஹேண்ட்பிரேக் தானாகத் திறக்காது. 2012-ல் நம் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. அதனால் உடைக்கும் வழியை இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவதில்லை.

கல்யாண டிவிடியில் பூட்டே கிடையாது. அதோடு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அந்த வீடியோவின் உரிமை என்று அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது, வேறு ஒப்பந்தம் எழுதியிருந்தால் ஒழிய. சில வீடியோக்காரர்கள் "காப்பி எடுக்க என்னைக் கேட்கணும்" என்று மிரட்டுவார்கள். கேட்க வேண்டாம்.

கேள்வி: மாற்றிய படம் பிளேயரில் ஓடுகிறது, சத்தம்தான் வரவில்லை. கம்ப்யூட்டரில் வருகிறது.
- ஒரு மாணவர், புதுவயல்

பதில்: தம்பி, ஒலிப் பகுதியில் 'ஏசி-3 பாஸ்த்ரூ' என்று இருக்கும், டிவிடியின் ஒலியை மாற்றாமல் அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் பிளேயருக்கு அது புரியவில்லை. ஏ.ஏ.சி., ஸ்டீரியோ என்று மாற்றி இன்னொரு முறை ஓட்டுங்கள்.

கேள்வி: டிவிடிக்கும் முந்தைய விசிடி இரண்டு இருக்கிறது. அதையும் பெரிய அளவில் மாற்றித் தெளிவாக்க முடியுமா?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: முடியாது, ஆச்சி. விசிடியில் படம் 352 × 288 தான். அதிலுள்ள 'டேட்' (DAT) கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள், ஓடினால் இன்றைக்கே காப்பி எடுத்துவையுங்கள். பெரிதாக்கினால் கோப்புதான் பருக்கும்.