புட்டியிலுள்ள நிறம் ஏன் மாடலில் பொய்யாகத் தெரிகிறது?

கேள்வி: 1/35 அளவிலான ஜெர்மானிய டாங்கி மாடல் ஒன்றுக்கு, இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியைச் சேர்ந்த மூன்று நிற (மஞ்சள், பச்சை, பழுப்பு) உருமறைப்பைத் தீட்டியிருக்கிறேன். நிற எண்களைச் சரிபார்த்தே வண்ணங்களை வாங்கினேன். ஆனாலும் அது பொம்மை போலவே இருக்கிறது. தவறு எங்கே? முழுவதையும் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: அழிக்க வேண்டியதில்லை. நிற எண்கள் சரியாக இருந்தும் தோற்றம் பொய்யாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் உண்டு: நிறங்களின் அடர்த்தி, திட்டுகளின் விளிம்பு.

முதலில் அடர்த்தி. 1/35 மாடலை முப்பது சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மையான வண்டியைப் பத்தரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். தொலைவு கூடக் கூட, இடையிலுள்ள காற்றும் சிதறும் ஒளியும் நிறத்தை வெளிறச் செய்கின்றன. ஆகவே புட்டியிலுள்ள நிறத்தை அப்படியே பூசினால் அது தேவைக்கு மேல் இருண்டு தெரியும். வெளிறச் செய்ய வெள்ளையைச் சேர்ப்பதே பலரின் வழக்கம். ஆனால் அது பச்சையையும் பழுப்பையும் சுண்ணாம்பு கலந்தாற்போல உயிரற்றதாக்கிவிடும் என்பதால், வண்டியின் அடிநிறமான மஞ்சளிலேயே சிறிது எடுத்து மற்ற இரண்டிலும் கலப்பதை நான் பரிந்துரைப்பேன். பத்துத் துளிக்கு இரண்டு துளியில் தொடங்கலாம். இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: மூன்று நிறங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகிவிடும்.

விளிம்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வரலாறு இங்கேதான் உதவுகிறது. 1943 பிப்ரவரியில் ஜெர்மானிய இராணுவம் அடர்சாம்பலைக் கைவிட்டு அடர்மஞ்சளை அடிநிறமாக்கியது. ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் களி வடிவில் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன. வீரர்களே அவற்றை நீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, தெளிப்பான் கிடைத்தால் அதனாலும், கிடைக்காவிட்டால் தூரிகையாலும் பூசினார்கள். கரைசல் நீர்த்திருந்த இடங்களில் அடிமஞ்சள் ஊடுருவித் தெரிந்தது. எனவே ஒரே சீரான அடர்த்தியும், எல்லாப் பக்கமும் ஒன்றுபோன்ற திட்டுகளும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலைகளே உருமறைப்பைப் பூசத் தொடங்கியது 1944-இன் பிற்பகுதியில்தான். நீங்கள் செய்யும் வண்டி எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தே விளிம்பின் தன்மையைத் தீர்மானியுங்கள். இயன்றால் அந்த வண்டியின் நிழற்படம் ஒன்றையாவது முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

தெளிப்பானால் பூசிய விளிம்பு உண்மை வண்டியில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கியிருந்தால், 1/35 மாடலில் அது 2 மில்லிமீட்டர்தான். 1/72 மாடலில் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. இதைக் கணக்கிடாமல் அகலமாகத் தெளிக்கும்போதுதான் டாங்கி பஞ்சு போர்த்தியதுபோல ஆகிவிடுகிறது. ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) 0.2 அல்லது 0.3 மி.மீ. முனையைப் பொருத்தி, ஒரு பங்கு வண்ணத்துக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு தின்னர் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் திரவம்) கலந்து, காற்றழுத்தத்தை ஒரு பார் அளவில் வைத்து, பரப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள் முனையை நிறுத்தித் தெளியுங்கள். முதலில் திட்டின் எல்லையை மெல்லிய கோடாக வரைந்து, பிறகு உட்புறத்தை நிரப்ப வேண்டும். ஏர்பிரஷ் இல்லையென்றால், தூரிகையால் பூசிய வண்டியையே மாதிரியாகத் தேர்ந்தெடுங்கள். அதன் கூர்மையான விளிம்பும் உண்மையானதே.

இப்போது உங்கள் மாடலுக்கு வருவோம். அடிமஞ்சளை நான்கு அல்லது ஐந்து பங்கு தின்னரில் கரைத்து, திட்டுகளின் விளிம்புகள் மீது மட்டும் பனிபோல் தெளித்து, ஒவ்வொரு படலமும் உலர்ந்த பின் தள்ளி வைத்துப் பாருங்கள். விளிம்பு அடங்கியதும் அக்ரிலிக் வார்னிஷ் (பாதுகாப்புப் பூச்சு) பூசி, ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். பிறகு இருபது பங்கு எனாமல் தின்னருக்கு ஒரு பங்கு மண்பழுப்பு எனாமல் (எண்ணெய் சார்ந்த வண்ணம்) கலந்து, ஈரம் தேங்காதபடி வண்டி முழுவதும் மெல்லப் பூசினால் மூன்று நிறங்களும் ஒன்றோடொன்று இணங்கும். அக்ரிலிக் மேல் எனாமல் என்ற இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கீழேயும் எனாமலாக இருந்தால் தின்னர் அதையும் கரைத்துவிடும். கடைசியாகப் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் பூசுங்கள். அது உலர்ந்ததும் நிறம் சற்று வெளிறும் என்பதால், அதற்கு முந்தைய கட்டத்தில் மாடல் ஓர் இழை இருண்டிருப்பதே சரி.