9 அழுத்தும் பழக்கம் போகட்டும்: புது புளோக்குக்கு ஐபி தொலைபேசி

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகத்தில் ஐந்து மாடிப் புது புளோக் ஒன்று எழும்புகிறது. மாடிக்கு 24 வீதம் 120 ஐபி தொலைபேசிகள் (கணினி வலைப்பின்னல் வழியே குரலை அனுப்புபவை) வரும். இணைய வேகம் எவ்வளவு வாங்க வேண்டும்? – கிளமெண்டி வாசகர்

பதில்: வேகம்தான் இதில் ஆகக் கடைசிக் கவலை. குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் குரலுக்கு மட்டும் விநாடிக்கு 64 கிலோபிட் ஆகும். அதை 20 மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்டி அனுப்புவதால் கம்பியில் ஒரு திசைக்கு 87 கிலோபிட் ஓடும். ஆகப் பரபரப்பான மணி நேரத்தில் ஒவ்வொரு தொலைபேசியும் 6 நிமிடம் வெளியே பேசுவதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 12 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 12 அழைப்புகள். நூற்றில் ஓர் அழைப்புக்கு மேல் தட்டிப்போகக் கூடாது என்றால் 20 தடங்கள் போதும். 20 × 87 என்பது 1.74 மெகாபிட். அவ்வளவுதானா என்பார்கள் நிர்வாகத்தில். அவ்வளவுதான்.

மிச்சப் பணத்தை மின்சாரத்தில் போடுங்கள். பழைய தொலைபேசிக்குக் கம்பி வழியே மின்சாரத்தையும் இணைப்பகமே கொடுத்தது. இப்போது அந்த வேலை, மாடியின் கருவிகளை வலைப்பின்னலில் இணைக்கும் பெட்டியான சுவிட்சுடையது. சாதாரண ஐபி தொலைபேசி ஒன்றுக்கு சுவிட்ச் 7 வாட் ஒதுக்கினால், 24-க்கு 168 வாட். அதே சுவிட்சில் தலா 30 வாட் கேட்கும் வைஃபை கருவிகள் ஆறு இருந்தால் இன்னும் 180. ஆக 348. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 48 போர்ட் (கம்பி செருகும் துளை) சுவிட்ச் 370 வாட் கொடுக்கும். மீதி 22 வாட்தான். பிறகு யாராவது கேமரா இரண்டு மாட்டுவார்கள். மறுநாள் மின்தடைக்குப் பின் நாலு தொலைபேசி உயிர் பெறாது. எந்த போர்ட்டுக்கு முன்னுரிமை என்று சுவிட்சில் எழுதி வைக்காவிட்டால், எதை விடுவது என்பதை அது தானாக முடிவு செய்யும்.

மின்தடையில் கைகொடுக்கும் யுபிஎஸ் கருவியின் விலைப்பட்டியலில் விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். 'இத்தனை வாட் சுமையில் எத்தனை நிமிடம்' என்று எழுதிக் கேளுங்கள். அதை வைக்கும் ரைசர் அறையில் (மாடிகளுக்கிடையே கம்பிகள் ஏறும் அறை) இரவு குளிர்சாதனம் ஓடுமா என்றும் பாருங்கள். ஈய-அமில மின்கலத்துக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். நம் ஊர் வெக்கையில் பூட்டிய அறை என்ன சூடு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேட் 6 வலைப்பின்னல் கம்பியைச் சுவருக்குள் 90 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். இரு முனைத் தொடுப்புகளுக்கும் சேர்த்து 10 மீட்டர். வரைபடத்தில் நேர்கோடாக அளந்தால் ஏமாறுவீர்கள், கம்பி தட்டின் வழியே வளைந்துதான் போகும்.

கேள்வி: வெளியே பேச 9 அழுத்துவது பழக்கம். அதையே தொடரலாமா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: வேண்டாம். ஒருவர் 9 அழுத்திவிட்டு 95 என்று தொடங்கும் கைத்தொலைபேசி எண்ணைச் சுழற்றுகிறார். தொலைபேசிக்கு முதலில் தெரிவது 9, 9, 5. சிங்கப்பூரின் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எண்ணான 995 வந்தவுடன் இணை என்று விதி எழுதியிருந்தால் அழைப்பு குடிமைத் தற்காப்புப் படைக்குப் போய்விடும். இதற்குப் பயந்து, மேலும் இலக்கம் வருகிறதா என்று நாலு விநாடி காத்திருக்கச் சொன்னால், உண்மையிலேயே ஆம்புலன்ஸ் வேண்டியவரும் அந்த நாலு விநாடி காத்திருக்க வேண்டும்.

முன் இலக்கமே இல்லாமல் திட்டமிடலாம். இங்கே சந்தாதாரர் எண்கள் 3, 6, 8, 9-இல் தொடங்குகின்றன. 1800, 1777 போன்ற சேவை எண்கள் 1-இல், வெளிநாட்டு அழைப்பு 0-இல். உள் எண்களை 2, 4, 5, 7 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கினால் எதோடும் மோதாது. உதாரணமாக 5307 என்றால் மூன்றாம் மாடி, ஏழாம் தொலைபேசி.

995, போலிசுக்கான 999 அழைப்புகள் வரவேற்பு மேசையின் பொது எண்ணோடு வெளியே போகக் கூடாது. அவர்கள் திருப்பி அழைத்தால் இரவில் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். மாடிக்கு ஒரு நேரடி எண் கொடுத்து, திரும்பி வரும் அழைப்பு பாதுகாவலர் அறையிலும் ஒலிக்கும்படி செய்யுங்கள். சோதிக்கிறேன் என்று 995-ஐச் சுழற்றிப் பார்க்க வேண்டாம். அந்த வழித்தடத்தைத் தற்காலிகமாகப் பாதுகாவலர் எண்ணுக்குத் திருப்பிவிட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: பொருத்தியாகிவிட்டது. வெளி அழைப்பில் நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. போன வாரம் ஒரு மாடியே செயலிழந்தது. – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மணி அடிக்கச் சொல்லும் சிப் (SIP) செய்தி ஒரு வழியில் போகிறது, குரல் வேறு போர்ட்டில் தனியாகப் போகிறது. முதலாவது சேர்ந்து இரண்டாவது வழி தவறினால் இப்படித்தான் ஆகும். ரூட்டரில் சிப் செய்திகளைத் திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள். உதவி செய்வதாக நினைத்து முகவரிகளைத் தவறாகத் திருத்துவது பெரும்பாலும் அதுதான்.

மாடி செயலிழந்ததற்கு மேசைக்கு அடியில் பாருங்கள். தொலைபேசியின் பின்னால் இரண்டு துளைகள் உண்டு, ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. மேசையை நகர்த்தியவர் இரண்டையும் சுவரிலேயே செருகியிருப்பார். தரவு வட்டமடித்து சுவிட்சை மூச்சுத் திணற வைத்திருக்கும். எல்லா போர்ட்டிலும் வளையத் தடுப்பை இயக்குங்கள். அந்தக் கணினித் துளை மலிவான தொலைபேசிகளில் 100 மெகாபிட்தான், கிகாபிட் கணினி அங்கேயே முடங்கும். குரல் கரகரத்தால் குரலுக்குத் தனி விலேன் (அதே கம்பிகளில் பிரித்து வைத்த தனி வலைப்பின்னல்) இருக்கிறதா, அதற்கு முன்னுரிமை கேட்கும் டிஎஸ்சிபி 46 முத்திரை விழுகிறதா, வழியிலுள்ள எல்லா சுவிட்சும் அந்த முத்திரையை மதிக்கிறதா என்று பாருங்கள். ஒன்று அழித்துவிட்டாலும் பயனில்லை.

கேள்வி: மின்தூக்கிக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியையும் ஐபிக்கு மாற்றிவிடலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: மின்தூக்கி நிறுவனத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். அந்தத் தொலைபேசி நம்பியிருக்கும் மின்சாரம் எது, மின்தடையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எழுத்தில் வாங்கும் வரை பழைய கம்பி இணைப்பை வெட்ட வேண்டாம்.