முறையைத் தேடும் முன் அரசாணையைப் படியுங்கள்

கேள்வி: பொதுக் கொள்கையில் பிஎச்.டி. முதலாண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். கோர்ஸ்வொர்க்கில் டிஃப்-இன்-டிஃப், ரெக்ரஷன் டிஸ்கன்டின்யுயிட்டி, சிந்தெடிக் கன்ட்ரோல், ப்ராசஸ் ட்ரேசிங், கியூ.சி.ஏ. என்று வரிசையாக வருகின்றன. எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்க நேரமில்லை. எதைப் பிடித்துக்கொள்வது? மென்பொருளில் ஸ்டேட்டாவா, ஆரா (R)?

பதில்:

திட்டம் யாருக்கு, எப்போது, எந்த வரிசையில் போய்ச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். முறை எது என்பது அதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். என் கண்ணில் படும் சினாப்சிஸ்கள் பலவற்றில் கதை தலைகீழாக இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே "இந்த ஆய்வு டிஃப்-இன்-டிஃப் முறையைப் பயன்படுத்தும்" என்று எழுதிவிடுகிறார்கள். (திட்டம் வந்த இடத்தின் முன்-பின் மாற்றத்திலிருந்து, வராத இடத்தின் மாற்றத்தைக் கழிப்பதுதான் அந்த முறை.) எந்த ஊரை எந்த ஊரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

பீகார் சைக்கிள் திட்டத்தைப் பாருங்கள். 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டுகளில் பெண்களின் சேர்க்கை ஏறியது. ஆனால் அப்போது பீகாரில் சாலை போட்டார்கள், சட்டம் ஒழுங்கு மாறியது, எல்லாமே ஏறிக்கொண்டிருந்த காலம். பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை மூன்று அடுக்கில் பிரித்தார்கள். சைக்கிள் கிடைத்த வயதுப் பெண்களை, திட்டம் வருமுன் அந்த வயதைத் தாண்டிவிட்ட பெண்களோடு ஒப்பிட்டார்கள். அதே ஒப்பீட்டைப் பையன்களுக்கும் செய்து கழித்தார்கள். பிறகு இந்த மொத்தக் கணக்கையும் 2000 வரை பீகாரோடு ஒன்றாக இருந்த ஜார்க்கண்டுக்கும் போட்டு அதையும் கழித்தார்கள். மிஞ்சியது, பெண்களின் சேர்க்கையில் 32 சதவீத உயர்வு. எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கடுத்த படி. உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம் என்று காட்டினார்கள். சைக்கிள்தான் காரணம் என்றால் தூரத்துக்கு ஏற்பப் பலன் மாற வேண்டும் அல்லவா? அப்படியே மாறியது. வைவாவில் கேட்கப்போகும் கேள்விக்குக் கட்டுரையிலேயே பதில் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து வெட்டுப்புள்ளி உள்ள திட்டங்கள். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் மக்கள்தொகை 1000, பிறகு 500 என்று வரம்பு வைத்தார்கள். 490 பேர் உள்ள ஊருக்கும் 510 பேர் உள்ள ஊருக்கும் பெரிய வேறுபாடு இருக்காது, ஒன்றுக்கு மட்டும் சாலை வரும் என்பதுதான் ரெக்ரஷன் டிஸ்கன்டின்யுயிட்டி (ஆர்.டி.) முறையின் அடிப்படை. ஆனால் வரம்பு என்ன என்று தெரிந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? திட்டத்துக்காகக் கொடுத்த குடியிருப்பு மக்கள்தொகைக் கணக்கில், வரம்பைக் கொஞ்சமே தாண்டிய ஊர்கள் சந்தேகப்படும் அளவுக்குக் குவிந்திருந்தன. அதனால் இதை ஆய்ந்த சாம் ஆஷரும் பால் நோவோசாட்டும் அந்தக் கணக்கை விட்டுவிட்டு 2001 சென்சஸ் எண்களுக்குப் போனார்கள். விதியை ஓரளவாவது பின்பற்றிய மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சாலை வந்தபின் ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், ஆனால் வருமானத்திலும் சொத்திலும் பெரிய மாற்றமில்லை என்பது அவர்கள் கண்டது.

இதைப் படித்துவிட்டு, மகளிர் உரிமைத் தொகைக்கு ஆர்.டி. போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதிலும் ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று எண்ணில் ஒரு வரம்பு இருக்கிறது. எண்ணைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் நில்லுங்கள். 3,600 யூனிட் என்றால் மாதம் 300, இரண்டு மாத பில்லில் 600. அந்த வரம்பை ஒட்டி நிற்பது யார் வீடு? ஃபிரிட்ஜ் இருக்கும், பெரும்பாலும் ஏ.சி.யும் இருக்கும். அந்த வீட்டில் 1,000 ரூபாய் என்ன செய்தது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்தாலும், ஒற்றை பல்பு எரியும் வீட்டில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வருமானம், நிலம், வாகனம் என்று மற்ற நிபந்தனைகளும் கூடவே இருக்கின்றன. அவற்றில் மாட்டி வெளியேறியவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். முறை சரியாக இருந்தும் கேள்வி வீணாகப் போகும் இடம் இது.

சரி, உங்கள் தலைப்புக்கு வருவோம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 அரசு தொடக்கப் பள்ளிகள், ஏறத்தாழ 1.14 லட்சம் குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகள். 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகள். இடையில் ஒரு சிறு விரிவாக்கமும் உண்டு. வெட்டுப்புள்ளி இல்லை, குலுக்கல் இல்லை, படிப்படியாக வந்த திட்டம். ஆகவே நீங்கள் ஆழமாகப் படிக்க வேண்டியது டிஃப்-இன்-டிஃப், அதிலும் படிப்படியாக வரும் திட்டங்களுக்கான புதிய வடிவங்கள்.

புதிய வடிவங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வழக்கப்படி பள்ளிக்கு ஒரு டம்மி (0 அல்லது 1 என்ற மாறி), ஆண்டுக்கு ஒரு டம்மி, திட்டத்துக்கு ஒரு டம்மி என்று ஓட்டினால், மென்பொருள் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்யும். 2023-இல் சேர்ந்த பள்ளிகளுக்கு 2022-இலேயே சேர்ந்துவிட்ட பள்ளிகளை ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கொள்ளும். முதலில் சேர்ந்த பள்ளியில் பலன் ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போனால், அந்தக் கூடுதல் புதிய பள்ளிகளின் பலனிலிருந்து கழிந்துவிடும். நல்ல திட்டம் பயனற்றதாகத் தெரியும், சில நேரம் எதிர்மறையாகக்கூட வரும். குட்மன்-பேக்கன் 2021-இல் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டு காலவேயும் சான்ட்டானாவும் அதற்கு மாற்று மதிப்பீட்டு முறையைக் கொடுத்தார்கள். நூறு நாள் வேலைத் திட்டமும் 2006-இல் 200 மாவட்டம், 2007-இல் 130, 2008-இல் மற்றவை என்று வந்ததுதான். அதைப் பற்றிய பழைய கட்டுரைகளையும் இந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

இனி அரசாணை. முதல் கட்டத்தில் சில மாநகராட்சிகள், நகராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், மலைப்பகுதிகள் என்று தேர்ந்தெடுத்தார்கள். மலைக்கிராமப் பள்ளியையும் சமவெளிப் பள்ளியையும் அப்படியே ஒப்பிட முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொண்டு நிறுவனம் வழங்கிய காலை உணவு ஏற்கெனவே இருந்தது. அந்தப் பள்ளிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி எண்ணும் எழுத்தும் என்ற அரசின் கற்பித்தல் திட்டம். 2022-23-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எல்லா அரசுப் பள்ளிகளிலும் அது வந்தது. குழந்தை நன்றாக வாசிக்கிறது என்றால் காலை உப்புமாவாலா, புதிய பாடமுறையாலா? ஆனால் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வந்தது 2023-24-இல்தான். ஆகவே முதலாண்டில், முதல் கட்டப் பள்ளிகளின் நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைத்தது, எண்ணும் எழுத்தும் கிடைக்கவில்லை. நானாக இருந்தால் கற்றல் பற்றிய அத்தியாயத்தை அந்தப் பிள்ளைகளை வைத்தே எழுதுவேன்.

பிழை அளவீட்டில் கவனம் வேண்டும். பெர்ட்ராண்ட், டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004 கட்டுரையில் ஒரு வேடிக்கை செய்தார்கள். இல்லாத சட்டங்களை இருப்பதாகக் கற்பனை செய்து, அமெரிக்க ஊதியத் தரவில் அவற்றின் 'பலனை' அளந்தார்கள். தற்செயலாக 5 சதவீதம் மட்டுமே வர வேண்டிய இடத்தில் 45 சதவீதம் வரை 'பலன் உண்டு' என்று வந்தது. தேர்வு நடந்தது உள்ளாட்சி அமைப்பு வாரியாக என்றால் கிளஸ்டரும் (பிழையைக் கணக்கிடும்போது ஒன்றாகச் சேர்க்கும் குழுவும்) அந்த மட்டத்தில்தான் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான மாணவர்கள் இருக்கிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மாவட்ட அளவில் தரவு திரட்டினால் இன்னொரு சிக்கல்: 2011 சென்சஸில் 32 மாவட்டங்கள், இப்போது 38. கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும் தென்காசியைத் திருநெல்வேலியோடும் மறுபடி சேர்த்துத்தான் பழைய எண்களோடு பொருத்த முடியும். சலிப்பான வேலை, ஆனால் இதில் அவசரப்பட்டால் மேலே கட்டும் எதுவும் நிற்காது.

சிந்தெடிக் கன்ட்ரோல், அதாவது மற்ற மாநிலங்களைக் கலந்து ஒரு கற்பனை ஒப்பீட்டு மாநிலத்தைக் கட்டும் முறை, உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் மாறும்போது, கலிஃபோர்னியாவின் 1988 புகையிலை வரி போல, அது கைகொடுக்கும். எந்தெந்தக் காரணிகள் சேர்ந்தால் ஒரு விளைவு வருகிறது என்று ஒப்பிடும் கியூ.சி.ஏ.வையும் ஒரு வார வாசிப்போடு விட்டுவிடலாம்.

ஒரு முடிவு எப்படி வந்தது என்று தடயம் தடயமாகத் தேடும் ப்ராசஸ் ட்ரேசிங்கை மட்டும் விடாதீர்கள். திட்டம் என்ன செய்தது என்பது ஒரு கேள்வி, அது ஏன் 2022-இல் வந்தது என்பது இன்னொன்று. ஊட்டச்சத்துத் தரவா, தேர்தல் கணக்கா, 1982 சத்துணவின் தொடர்ச்சியா? 2020 தேசியக் கல்விக் கொள்கையும் காலை உணவைப் பரிந்துரைத்தது, தமிழக அரசு அந்தக் கொள்கையையே எதிர்த்தது. சுவையான முடிச்சு. ஒவ்வொரு விளக்கத்துக்கும், எது கிடைக்காவிட்டால் அது செத்தது, எது கிடைத்தால் அது கிட்டத்தட்ட உறுதி என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு ஆவணத்தைத் தேடப் போங்கள். ரத்தசோகைத் தரவுதான் காரணம் என்றால், முதல் கட்ட இடங்களைத் தேர்ந்த கோப்பில் அதன் சாயல் இருக்க வேண்டும். சமூக நலத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்புகள், மானியக் கோரிக்கை விவாதங்கள், அரசாணையின் முன்னுரைப் பத்திகள் எல்லாம் இதற்குத் தீனி. கிடைக்காததற்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். "காரணம் என்ன" என்று கேட்டால் தகவல் வராது. கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அதன் நகலைக் கேளுங்கள்.

ஸ்டேட்டாவா, ஆரா என்றால், கைடு எதில் வேலை செய்கிறாரோ அதில் தொடங்குங்கள். சிக்கினால் கேட்க ஆள் வேண்டும். அவர் இரண்டிலும் இல்லை என்றால் ஆர். காசில்லை, காலவே–சான்ட்டானா முறைக்கான தொகுப்பும் அதில் இலவசமாகவே கிடைக்கிறது.