டோசிமீட்டரில் 76, கைக்கணக்கில் 200: எது சரி?

ஒரு ஷிஃப்டில் காது வாங்கும் சத்தம், அனுமதித்த அளவில் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி டோசிமீட்டர். அது 76 சதவீதம் காட்டுகிறது, கையால் போட்டால் 200 வருகிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கையால் போட்ட 200 சதவீதம்தான் சரி. தறிக்கூடத்தில் 8 மணி நேரமும் ஒரே சீராக 88 டெசிபெல் என்கிறீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் 8 மணி நேரத்துக்கு வரம்பு 85, 3 டெசிபெல் கூடினால் அனுமதித்த நேரம் பாதி.

கருவி அமெரிக்க அமைப்பில் இருக்கும்: வரம்பு 90, பாதியாக்க 5 டெசிபெல். அப்படிப் போட்டால் அச்சாக 76 வருகிறது. டர்பனில் நான் படித்தபோதும் இதே கூத்துதான், பெட்டியில் வந்த செட்டிங்கை யாரும் தொட்டதில்லை.

அந்த இரண்டு எண்களையும் மாற்றி, தறிப்பக்கம் அரை மணி ஓட்டிப் பாருங்கள். சுமார் 12 சதவீதம் வர வேண்டும்.

சத்தம் ஏறி இறங்கும் மற்ற பிரிவுகளின் பழைய அளவீட்டைச் சூத்திரத்தால் மாற்ற முடியாது. 3 டெசிபெலுக்குப் பாதி என்ற கணக்கில் எடுத்த சராசரி கருவியில் தனியாகப் பதிவாகவில்லையென்றால், மறுபடி அளக்க இன்னொரு ஷிஃப்டு நிற்க வேண்டியதுதான்.