எண்ணூரில் யாருக்கு விழிப்புணர்வு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஒரு கடற்பகுதி நலிந்தால் ‘ராஹூயி’ என்று தடை விதித்து, மீன்வளம் தேறும்வரை அங்கே யாரும் மீன் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று படித்தேன். எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தால், நம் மீனவர்களிடம் அந்த அக்கறை இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது. குப்பங்களில் விழிப்புணர்வு முகாம் நடத்த எங்கள் நண்பர் குழு விரும்புகிறது. உங்கள் கருத்து என்ன?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

உங்கள் குழுவின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் முகாம் தேவைப்படுகிறவர்கள் குப்பத்தில் இல்லை.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் தலைமுறைகளாகப் ‘பாடு’ நடக்கிறது. ஏரியில் இறால் படும் இடங்களில் இன்று யார் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்திருக்கிறது. முறை இல்லாதவர் அன்று அங்கே வலை இறக்க முடியாது. ஒரே இடத்தை எல்லோரும் ஒரே நாளில் வாரிவிடாமல் இருப்பது அதனால்தான். குறையற்ற ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். பாடு உரிமை சாதியை ஒட்டியே வருகிறது. இருளர்களுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்த நீரை அவர்களைப் போல் தொட்டு அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. பாடு முறையைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

எண்ணூரின் மீனவர் குப்பமான காட்டுக்குப்பத்தில் யாரிடமாவது ‘காக்கா ஆழி’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த சிப்பியினம் அது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து துறைமுகத்தில் வெளியேற்றும் நீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். ஆற்றின் அடியில் பாய் விரித்ததுபோல் படர்ந்து, இறால் புதைந்து வாழும் சேற்றையே மூடிவிடுகிறது. நகரத்தில் நாம் அதன் பெயரைக் கேள்விப்படுவதற்கு முன்பே மீனவர்கள் அதை அள்ளிக்கொண்டு வந்து காட்டி முறையிட்டார்கள். 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அப்போது தங்கள் படகுகளிலேயே போய் எண்ணெயைக் கையால் அள்ளியவர்கள் இதே குப்பத்து மக்கள். இவர்களுக்கா அக்கறை இல்லை?

ஊர்க் கட்டுப்பாடு வலையைத் தடுக்கும். அனல்மின் நிலையச் சாம்பலையும் கப்பல் நீரையும் எண்ணெயையும் அதனால் தடுக்க முடியாது. எனக்குத் தீராத கோபம் இதில்தான். நியூசிலாந்தில் 1996ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம், மாவோரி சமூகம் கேட்டால் ஒரு பகுதியைத் தற்காலிகமாக மூடி அரசு ஆணையிட வழி வைத்திருக்கிறது. அவர்கள் சொல்லுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. எண்ணூர்க் குப்பத்துப் பஞ்சாயத்து “இங்கே இனிக் கொட்டாதே” என்றால் யார் கேட்கிறார்கள்?

அடுத்து எண்ணூரில் எந்தத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாலும் உங்கள் குழு முழுவதும் வாருங்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை முன்கூட்டியே படித்து, அதன் தமிழ்ச் சுருக்கத்தைக் குப்பத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஆறு எங்கே தூர்ந்தது, எந்த மாதத்து இறால் வருவதில்லை என்று அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதி, அவர்கள் கையெழுத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். நானும் உடன் வருகிறேன்.