வெள்ளை வயர் போட்டால் பல்லூத்தை பிடிக்காதா?

பல்லை நேராக்கப் போடும் கிளிப் வயர்களின் பூச்சு பற்றிக் கொழும்பிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பல்சீரமைப்பு வைத்தியர் ஒருவரின் பதில்கள்.

வெள்ளவத்தை, ஒரு தாய்: டொக்டர், மகளுக்கு 14 வயது. வெள்ளை வயர் போட்டால் கிருமி ஒட்டாது என்கிறார்கள். கூடக் காசு கொடுத்துப் போடலாமா?

அழகுக்கு என்றால் போடுங்கள் அம்மா. கிருமிக்காக மட்டும் என்றால் அந்தக் காசு வீண்.

வெள்ளை வயர் என்று கிடைப்பவற்றில் பெரும்பாலும் எபொக்சி, டெஃப்லோன், ரோடியம் என்ற மூன்றில் ஒரு பூச்சு இருக்கும். முதல் இரண்டும் பிளாஸ்டிக் ரகம், ரோடியம் உலோகம். கிருமி ஒட்டுவதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று மேற்பரப்பின் சொரசொரப்பு. அது சராசரியாக 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினால் ஊத்தை சேருவது கூடும். அதற்குக் கீழே எவ்வளவு மழமழப்பாக்கினாலும் பெரிய இலாபமில்லை. மற்றது, அந்தப் பரப்பில் ஈரம் எவ்வளவு பரவுகிறது என்பது. டெஃப்லோன் பாத்திரத்தில் தண்ணீர் உருண்டு ஓடுமே, அப்படிப்பட்ட பரப்பில் கிருமியின் பிடியும் தளர்வு. புது டெஃப்லோன் வயர் ஆய்வுகூடத்தில் நல்ல பெயர் எடுப்பது இதனால்தான்.

வாய்க்குள் கதை வேறு. வயரைப் போட்டுச் சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதம் மெல்லிய படலமாக அதை மூடிவிடும். கிருமி ஒட்டுவது அந்தப் படலத்தில். பூச்சின் குணம் அடியிலிருந்து ஓரளவுதான் வேலை செய்யும், அதுவும் பூச்சு முழுதாக இருக்கும்வரை.

கொட்டாஞ்சேனை, ஓர் இளைஞர்: எபொக்சி வயர் போட்டு ஐந்து கிழமை. முன்பல்லுக்குப் பக்கத்தில் தோல் மாதிரி உரியுது, மிச்சம் மஞ்சளாகிவிட்டது. பழுதான வயரா?

பழுதில்லை தம்பி, அதன் சுபாவமே அதுதான். எபொக்சிப் பூச்சு கிட்டத்தட்ட 0.002 அங்குலத் தடிப்பு. பல் நகரும்போது, பல்லில் ஒட்டி வயரைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் விளிம்பு அதைச் சுரண்டுகிறது, சாப்பாடு மெல்லும்போது மேலும் கிழிகிறது. மஞ்சள் நிறம் கறியிலிருந்து. றப்பர் வளையங்களும் அப்படித்தான் நிறம் மாறும்.

கவனிக்க வேண்டியது கிழிந்த இடத்தை. உரிந்த ஓரம் படிக்கட்டு மாதிரி நிற்கும், அதன் அடியில் பிரஷ் போகாது. அந்த இடத்தில், பூச்சே இல்லாத சாதாரண வயரைவிட அதிகமாக ஊத்தை தங்கலாம். நகத்தால் இழுத்து உரிக்காதீர்கள், கிழிசல் நீளும். அடுத்த முறை போகும்போது காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

தெஹிவளை: ரோடியம் உரியாதாமே?

எபொக்சி மாதிரித் தோலாக உரியாது, மிக மெல்லிய படிவு. ஆனால் நிறம் வெள்ளையில்லை, மங்கிய சாம்பல். கிருமிக்கென்று அதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பம்பலப்பிட்டி: வெள்ளி நுண்துகள், டைட்டேனியம் ஒக்சைட்டுப் பூச்சு எல்லாம் கிருமியைக் கொல்லும் என்று வாசித்தேன்.

கொல்லும், ஆனால் நிபந்தனையோடு. வெள்ளி அயன்களை வெளிவிட்டுத்தான் கொல்கிறது. இருப்புக் குறையக் குறைய வேகமும் குறையும். டைட்டேனியம் ஒக்சைட்டுக்குப் பொதுவாக ஊதாக்கடந்த ஒளி வேண்டும். வாய் இருட்டு.

பேராதனைப் பல் மருத்துவபீட மாணவி, ஊர் கொழும்பு: சேர், பூச்சிட்ட வயரில், பற்சொத்தைக் கிருமியான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் ஒட்டுவதை அளக்கப் போகிறேன். எங்கே பிழைக்கும்?

நான்கு இடத்தில். வெட்டிய முனையில் உள் உலோகம் தெரியும். எல்லாத் துண்டுகளிலும் ஒரேமாதிரி நெயில் பொலிஷால் அடையுங்கள். முதலில் வயரைக் கிருமிநீக்கும்போது ஓட்டோகிளேவின் நீராவிச் சூடு பிளாஸ்டிக் பூச்சை மாற்றக்கூடும், எதிலீன் ஒக்சைட்டு வாயு பூச்சுக்குப் பாதுகாப்பானது. கிருமி எண்ணிக்கையைத் துண்டுக்கு இத்தனை என்று சொல்லாதீர்கள், சதுர மில்லிமீற்றருக்குச் சொல்லுங்கள்: 2 சென்ரிமீற்றர் நீளத்தில் 0.016 அங்குல வட்ட வயரின் பக்கப்பரப்பு ஏறக்குறைய 25.5, 0.019 × 0.025 அங்குலச் செவ்வக வயரினது 44.7. பரப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் தடித்த வயர் எப்போதும் தோற்கும்.

நான்காவதுதான் ஆட்களை ஏமாற்றுவது: கழுவல். வயரைத் திரவத்திலிருந்து வெளியே தூக்கும்போது நீரின் விளிம்பே ஒட்டியிருந்த கிருமிகளை இழுத்துக்கொண்டு போகும். வயரை அசைக்காமல் திரவத்தை மெதுவாக மாற்றுங்கள். வடிகட்டிய உமிழ்நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்த பிறகே கிருமியைச் சேர்த்துவிடுங்கள், வளர்ப்பூடகத்தில் 1% சுக்குரோசும் (சீனி) வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கிருமி தன் பசையைச் சரியாகச் செய்யாது. புது வயரோடு, வாயில் ஒரு மாதம் கிடந்து கழற்றியதையும் வைத்துப் பாருங்கள். உண்மையான வித்தியாசம் அதில்தான் தெரியும்.

வெள்ளவத்தைத் தாய் மீண்டும்: அப்போ மகள் எதைக் கவனிக்க வேணும்?

பிராக்கெட்டுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பட்டையை. ஊத்தையை நிறங்காட்டும் மாத்திரையைச் சப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் வயரைவிட அந்தப் பட்டையும் றப்பர் வளையத்தின் சுற்றும்தான் கடும் சிவப்பாக இருக்கும். துப்புரவில்லாவிட்டால் நான்கு கிழமைக்குள்ளேயே பல்லில் சொத்தையின் தொடக்கமான வெள்ளைப் புள்ளி தெரியலாம்.

பிரஷ்ஷை முரசுப் பக்கம் 45 பாகையில் சாய்த்து ஒருமுறை, பிராக்கெட்டின் மற்றப் பக்கத்திலிருந்து ஒருமுறை. பிறகு வயருக்கு அடியால் சின்ன இடைப்பல் பிரஷ். அதன் நடுக்கம்பி பிளாஸ்டிக் உறை போட்டதாக இருக்கட்டும், வெறும் கம்பி பூச்சைக் கீறும். கரித்தூள் பற்பசை வேண்டாம். 1,000 பிபிஎம்முக்குக் குறையாத புளோரைட்டுப் பற்பசை போதும். அதோடு 0.05% சோடியம் புளோரைட்டுக் கொப்பளிப்பு 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், பல் தீட்டாத நேரத்தில். பிறகு அரை மணித்தியாலம் எதுவும் குடிக்கக்கூடாது. சீனி போட்ட பிளேன்டீயும் அதில் அடக்கம்.